சந்தா கட்டியவர் கேள்விகள்

அமேசானின் மின்புத்தகச் சந்தாவான கிண்டில் அன்லிமிடெட்டில் நிஜமாகவே அளவு கிடையாதா? (கும்பகோணம் வாசகர்)

உண்டு. ஒரே நேரத்தில் 20 புத்தகம்தான். அடுத்ததைத் தொட்டால், "முதலில் ஒன்றைத் திருப்பிக் கொடு" என்று கேட்கும். என்னிடம் இரவல் வாங்கிப்போன நண்பர்களுக்கும் இப்படி ஒரு ஆப் வந்தால் தேவலை.

எடுத்துவிட்டுப் படிக்காமலே வைத்திருந்தால் எழுத்தாளருக்குக் காசு போகுமா?

தாமே பதிப்பிப்பவர் என்றால், போகாது. 2015 ஜூலை முதல் படித்த பக்கத்துக்குத்தான் பணம். அதற்கு முன் பத்து சதவிகிதம் தாண்டினாலே பணம் உண்டு. குட்டிப் புத்தகங்கள் கொழித்த காலம் அது. இப்போது அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஏன் ஒரு பிணம் விழுகிறது என்று புரிகிறதா?

"அத்தியாயம் முடிய 4 நிமிடம்" என்கிறது ஆப். எனக்கு அரை மணி ஆகிறதே?

நடுவில் நீங்கள் வாட்ஸ்அப் பார்த்ததை அது கணக்கில் சேர்ப்பதில்லை.

சந்தாவை நிறுத்தினால் இறக்கி வைத்த புத்தகங்கள்?

போயே போச்சு. இதற்கா வருத்தம்? விலைக்கு வாங்கியதே போயிருக்கிறது. 2009இல் உரிமைச் சிக்கல் என்று அமேசான் ஒரு நாவலை வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. பணம் திரும்ப வந்தது, பிறகு மன்னிப்பும் வந்தது. நாவல் எது தெரியுமா? ஆர்வெல்லின் '1984'!

மாதாமாதம் அழ மனமில்லை. இலவசமாக எதுவும் இல்லையா?

மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய தமிழ் இலக்கியம். சங்கப் பாடலுக்குச் சந்தா கேட்க மாட்டார்கள். படித்தீர்களா என்றும் கேட்க மாட்டார்கள்.