தெருவுக்கு ஒரு டிவி விஞ்ஞானி

எண்பதுகளின் கடைசியில் பள்ளிபாளையத்தில் தெருவுக்கு ஒரு டிவி இருந்ததோ இல்லையோ, தெருவுக்கு ஒரு டிவி விஞ்ஞானி கட்டாயம் இருந்தான். வயது பத்து, பதினொன்று. பின்பக்கம் தபால்பெட்டி திறந்த டவுசர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்குத் தறிக்கான தார் சுற்றிக் கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும் வீட்டில் முதல் ஆளாக, தரையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

விஞ்ஞானி ஆவதற்கு அவனுக்கு இருந்த முதல் தகுதி, அவன் வீட்டில் டிவி கிடையாது என்பதுதான். டிவி உள்ள வீட்டுப் பையனுக்கு அது இழுவைக் கதவும் பூட்டும் போட்ட ஒரு மரப்பெட்டி. அப்பா சாவி எடுத்தால் படம், எடுக்காவிட்டால் பாடம். இல்லாத வீட்டுப் பையனுக்குத்தான் அது ஆராய்ச்சி.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து ஓட்டுக்கூரைகளில் ஆன்டெனாக்கள் முளைத்தது 1987-ல் கோடைக்கானல் மலைமேல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகு. விஞ்ஞானியின் முதல் கண்டுபிடிப்பும் கூரைமேல்தான் நடந்தது.

"ஏண்ணா, இத்தன பேரும் எப்படிண்ணா பொட்டிக்குள்ள போனாங்க?"

"மேல பாரு. அலுமினியக் கம்பி தெரியுதா? அது கம்பியில்ல, குழாய். கோடைக்கானல்ல ஏறுனா இங்க வந்து எறங்கிக்கலாம்."

"எம்ஜிஆர் குதிரையோட வர்றாரே?"

"கடைசீல ஒண்ணு மட்டும் நீளமா இருக்குதில்ல? அது எதுக்குன்னு நெனச்ச? குதிரைக்குத்தான்."

மறுத்துப் பேச எங்களிடம் ஆதாரம் இல்லை. ஜப்பானில் யாகி, உடா என்ற இரண்டு பேர் 1926-ல் உலகுக்கு அறிவித்த ஆன்டெனா அது என்பதும், கடைசியில் உள்ள நீளக் கம்பி அலையைத் தடுத்து முன்பக்கம் திருப்பிவிடுகிறது என்பதும் எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் குதிரையே மேல் என்றுதான் சொல்லியிருப்போம்.

பள்ளிபாளையத்துக்கே உரிய சிக்கல் இன்னொன்று. ஊர் முழுக்க விசைத்தறி. பட்டறைகள் எல்லாம் ஒருசேர ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் சரியும். டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி, ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். இதற்கும் விஞ்ஞானியிடம் விளக்கம் இருந்தது: "தறிக்காரங்க கரன்ட்டெல்லாம் உறிஞ்சிட்டாங்க. உள்ள இருக்கறவங்களுக்குப் பத்தல. எளைச்சுப் போயிட்டாங்க." ஸ்டெபிலைசர் வாங்கிய வீட்டில் அதே ஆட்கள் புஷ்டியாகத் தெரிந்தது அவன் கொள்கைக்குச் சாட்சி. நியாயமாகப் பார்த்தால் இதற்குப் பாதி மதிப்பெண் தரலாம். படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றையை இடவலமாகவும் மேல்கீழாகவும் வளைப்பது காந்தச் சுருள். அதற்குப் போகும் மின்சாரம் குறைந்தால் கற்றை திரையின் ஓரம்வரை எட்டாது. இளைத்தது கற்றைதான், ஆட்கள் அல்ல.

சாவு பற்றிய கேள்விகள்தான் அவனை அதிகம் சோதித்தன. ஞாயிற்றுக்கிழமை படத்தில் மலையிலிருந்து உருண்டு செத்த நம்பியார், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். எப்படி? "நம்பியாருக்குக் கூடப் பொறந்தவங்க ஏகப்பட்ட பேரு. படத்துக்கு ஒருத்தரு சாவாங்க." சரி, எம்ஜிஆர்? 1987 டிசம்பர் 24-ல் அவர் இறந்தபோது ஊரே அழுதது எங்களுக்குத் தெரியும். பிறகு ஒருநாள் டிவியில் அவர் சிரித்துக்கொண்டே வர, வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர், "மகராசன் இங்கயா இருக்காரு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் விஞ்ஞானியைப் பார்த்தோம். அவன் கொஞ்சமும் தயங்காமல், "ஆமாங்காயா, இங்கதான் இருக்காரு" என்றான். அன்றைக்கு அவனுக்கு மட்டும் இரண்டு முறுக்கு கிடைத்தது.

செய்தி வாசிக்கிறவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா என்பது அடுத்த ஆராய்ச்சி. ஷோபனா ரவி "வணக்கம்" என்றதும் பதில் வணக்கம் சொல்லி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்ட பெண்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. விஞ்ஞானி சோதனை செய்தே முடிவுக்கு வந்தான். இடப்பக்கம் உட்கார்ந்தான், வலப்பக்கம் உட்கார்ந்தான், எங்கே போனாலும் அந்தக் கண் அவன்மேலேயே இருந்தது. கேமராவை நேராகப் பார்த்துப் பேசும் முகம், தட்டையான திரையில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நம்மையே பார்க்கும் என்பது அவனுக்கு யார் சொல்ல? வீட்டுப்பாடம் எழுதாத நாளில் செய்தி நேரத்தில் அவன் தூணுக்குப் பின்னால் போய்விடுவான்.

நிலையம் மூடிய பிறகு திரையில் புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, அதற்குக் குற்றவாளி காக்கை. ஆன்டெனாவில் காக்கை உட்கார்ந்து எச்சம் போட்டதால் வந்த கோளாறு அது என்று சொல்லி, நீளக் குச்சியோடு ஓட்டுமேல் ஏறிவிடுவான். நாங்கள் சிரித்தோம். ஆனால் 1964-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்ததும் இதையேதான். அவர்களுடைய பெரிய ஆன்டெனாவில் ஓயாமல் ஓர் இரைச்சல் வந்தது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைச் சந்தேகப்பட்டு, அவற்றைத் துரத்தி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்தபோது கிளம்பிய கதிர்வீச்சின் மிச்சம் அது என்று பிறகு தெரிந்தது. 1978-ல் நோபல் பரிசு. எங்கள் டிவியில் கொதித்த புள்ளிகளிலும் சிறு பங்கு அந்த ஆதிகாலத்து மிச்சம்தான். எங்கள் ஆளுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஓடு உடைத்ததற்கு முதுகில் இரண்டு கிடைத்தது.

அவன் சொன்னதில் முழுக்கச் சரியான ஒன்றும் உண்டு. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. திரைக்கு மிக அருகில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்: "இது படமே இல்லீடா. கோடு கோடா ஓடுது. தறியில நாடா ஓடி ஊடை விழுகுற மாதிரி, இழை இழையா நெஞ்சுக்கிட்டு வருது." தார் சுற்றிய கைக்குத் தெரிந்த உண்மை அது. நம் நாட்டு டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு நொடிக்கு 25 படங்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு அவற்றின் இடையே இரட்டைப்படைக் கோடுகள். கணக்குப் போட்டால் நொடிக்கு 15,625 ஊடை. எந்தத் தறியும் அந்த வேகத்தில் ஓடாது. அமெரிக்காவில் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் என்ற குடியானவர் வீட்டுப் பையனுக்கும் இந்த யோசனை 14 வயதில், உழுத வயலின் சால்களைப் பார்த்தபோதுதான் வந்ததாகச் சொல்வார்கள். 1927-ல் அவர் மின்னணு முறையில் முதல் படத்தை அனுப்பிக் காட்டினார். அங்கே பையனுக்குப் பணம் போட ஆள் கிடைத்தார்கள். இங்கே, "போயி மிச்சத் தாரச் சுத்துடா" என்றார்கள்.

பெரியவர்கள் மட்டும் தெளிவாக இருந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் ராமாயணம் ஓடியபோது நாட்டின் பல வீடுகளில் குளித்துவிட்டு வந்து, டிவிக்கு மாலை போட்டு, சூடம் காட்டியவர்கள் பெரியவர்களே. விஞ்ஞானி ஒருநாளும் டிவியைக் கும்பிடவில்லை. அவனுக்கு அதன் முதுகுப்பக்கம்தான் தேவைப்பட்டது.

அவனுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பெரிய டிவியும் செல்போனும் உண்டு, தொப்பையும் உண்டு. இன்றும் தெருவுக்கு விளக்கம் சொல்கிறான். செல்போன் கோபுரம்தான் சிட்டுக்குருவியை ஒழித்தது, இரவு பன்னிரண்டு மணிக்குமேல் போனை அணைக்காவிட்டால் விண்வெளிக் கதிர் தாக்கும் என்று காலையில் வாட்ஸ்அப்பில் வந்ததை மத்தியானத்துக்குள் நாலு குழுவுக்கு அனுப்பிவிடுகிறான். சிறுவயதில் அவன் சொன்னதில் பெரும்பகுதி தப்பு, இப்போது சொல்வதும் தப்பு. ஆனால் அன்றைய தப்பு அவனே கண்ணால் பார்த்து, ஓட்டுமேல் ஏறி, அடி வாங்கிச் சம்பாதித்தது. இன்றையது ஓசியில் வந்தது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பொடிசு அடுத்த முறை ஏதாவது விபரீத விளக்கம் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். நல்ல பதில் வரும். அதே கேள்வியை வாட்ஸ்அப் குழுவிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குழுவை விட்டு நீக்கினால் நான் பொறுப்பல்ல.