எங்கள் ஆண்களின் கைமணம்

மும்பைத் தமிழ் ஆண்களைப் போலச் சமைக்கத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் குறைவு. முகஸ்துதிக்குச் சொல்லவில்லை, உள்ளபடியே சொல்கிறேன். இந்த ஊரின் காலைப் பசிக்கு இட்லியைப் பழக்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

தாராவியில் விடிவதற்கு நெடுநேரம் முன்பே இட்லிக் கொப்பரைகள் ஆவி விடத் தொடங்கிவிடும். அதற்கான வேலை முதல் நாள் மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறப்போடும்போதே ஆரம்பம். மார்கழியில் மாவு சோம்பும். மார்ச் வெக்கையில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் பொங்கி வழிந்து புளித்துப்போகும். எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு அரைக்க வேண்டும், உப்பை எப்போது சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்கு அத்துப்படி. ஈடு ஈடாக எடுத்து, துணி போட்டு, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னிக்கு ஒரு தூக்கு, சாம்பாருக்கு ஒரு தூக்கு என்று ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். ரப்பர் ஹார்ன் சத்தம் கேட்டதும் மராத்தி வீட்டுக் குழந்தையும் குஜராத்தி வீட்டுப் பாட்டியும் கிண்ணத்தோடு வாசலுக்கு வருவார்கள். மாவு மிஞ்சினால் அன்றைய லாபம் போயிற்று. அதனால் மிஞ்ச விடமாட்டார்கள்.

மாதுங்காவிலும் அப்படித்தான். பாலக்காட்டிலிருந்து வந்த மணி ஐயர் 1937-இல் லஞ்ச் ஹோம் தொடங்கினார். 1942-இல் ஸ்டேஷனை ஒட்டி ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் வந்தது. உடுப்பிக்காரர்கள் நமக்குப் பக்கத்து இலைக்காரர்கள், அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். இத்தகைய மெஸ்களில் அடுப்படியில் நின்றது ஆண், காய் நறுக்கியது ஆண், எந்த இலைக்கு இன்னும் ரசம் போகவில்லை என்று ஓரக்கண்ணால் பார்த்து ஓடியதும் ஆண். கேட்பதற்கு முன்பே இலைக்கு வந்து சேரும் சாம்பார் சாதாரண விஷயமில்லை. எதிரில் இருப்பவரின் பசியை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் குணம் அது.

எனக்கு இவர்களைவிடவும் மதிப்பு அந்தப் பழைய அறைவாசிகள் மேல். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு ரயிலேறி வந்து, மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கினார்களே, அந்தத் தலைமுறை. என் அப்பா அவர்களில் ஒருவர். ஒற்றை மண்ணெண்ணெய் ஸ்டவ். சுவரில் பழைய காலண்டர் அட்டையின் முதுகில் ஒரு பட்டியல்: யாருக்கு எந்தக் கிழமை சமையல், யாருக்குப் பாத்திரம், யாருக்கு மார்க்கெட். சம்பளம் வந்த வாரம் வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கு கறியும். மாதக் கடைசியில் மோர்க்குழம்பும் சுட்ட அப்பளமும். பருப்பு எத்தனை நாள் வரும், மண்ணெண்ணெய் எத்தனை நாள் வரும் என்று நோட்டில் கணக்கு. இரவு ஷிப்டுக்குப் போனவனுக்குத் தனியாக எடுத்து மூடிவைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். வீட்டுச் சமையலைத் திட்டமிடுவது எப்படி என்று யாராவது கேட்டால் அந்த அட்டையைத்தான் காட்டுவேன். வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள், வரவுக்குள் அடக்கியிருந்தார்கள், வராதவனையும் நினைத்திருந்தார்கள்.

கல்யாணங்கள் ஆயின. அட்டை போயிற்று. அம்மா வந்த பிறகு அப்பா ரசம் வைத்து நாங்கள் பார்த்ததில்லை, வைத்த கதையை நிறையக் கேட்டிருக்கிறோம். புளியை எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும், பெருங்காயத்தை எப்போது போட வேண்டும் என்று ஒரு பிசகு இல்லாமல் சொல்வார். அம்மா அதைக் கேட்டபடியே ரசத்தை இறக்குவாள்.

இன்றைய ஆண்களும் குறைந்தவர்கள் அல்ல. பங்குனி உத்திரத்துக்கு அன்னதானம் என்றால் எங்கள் பகுதியில் பாங்க் மேனேஜரும் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மூட்டை மூட்டையாகப் பூசணி நறுக்குகிறார்கள். ஆளுயரக் கரண்டியால் புளியோதரை கிளறுகிறார்கள். கடைசிப் பந்தி எழுந்த பிறகு தவலையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். வரும்போது முகத்தில் இருக்கும் நிறைவு உண்மையானது. நானே கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்போது மார்ச். பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை நடக்கும் மாதம். 31-ஆம் தேதிக்குள் கணக்கை முடிக்க வேண்டிய மாதம். பாங்கில் வேலை பார்க்கிற பெண்ணுக்கும் அதே 31-ஆம் தேதிதான். மாலையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து பன்வேல் போகும் ஹார்பர் லைன் வண்டியில், பெண்கள் பெட்டிக்குள் வந்து பாருங்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கொத்தவரங்காய். வடாலாவில் நாரெடுக்க ஆரம்பித்தால் செம்பூர் வருவதற்குள் பொடியாக நறுக்கி முடிந்துவிடும். எதிரில் உட்கார்ந்திருப்பவள் யாரோ, பெயர்கூடத் தெரியாது. ஒரு பிடி வாங்கி அவளும் நறுக்கிக் கொடுப்பாள். வெந்தயக்கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள். கை ஒன்றைச் செய்யும்போது மனம் வேறொன்றில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன்கிழமை புளிப்பு ஏறியதும் வெங்காய ஊத்தப்பம், வியாழன் அடியில் இருப்பதில் குழிப்பணியாரம். துவரம்பருப்பை இரண்டு பங்காக வேகவைத்தால் பாதி சாம்பாருக்கு, பாதி மறுநாள் கூட்டுக்கு. வத்தக்குழம்பு என்றால் இரண்டு நாள் தாங்கும். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வயிறு கனக்கக் கூடாது, மாமியாருக்குச் சர்க்கரை. அடுப்பில் நிற்கும் நேரத்தை ஓரளவு அளந்துவிடலாம். இந்த யோசனைக்கு அளவுகோல் கிடையாது.

அளக்க முடிந்ததை அளந்திருக்கிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு அது. செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். டப்பாவாலாக்கள் 1890-இலிருந்து இந்த நகரத்துக்குச் சாப்பாடு சுமக்கிறார்கள். அவர்களுடைய நேர்த்தியை ஹார்வர்டு வணிகப் பள்ளியே பாடமாக எழுதியிருக்கிறது, எழுதத்தான் வேண்டும். மூடிக்குள் இருக்கும் சோற்றை முந்தின இரவே யோசித்தவளைப் பற்றி இன்னொரு பாடம் எழுத இடமிருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரரின் ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டில் ஒரு குறை சொன்னதில்லை. உப்பு கூடினாலும் குறைந்தாலும் முகம் சுளித்ததில்லை. "ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?" என்று போனில் கேட்டால், "எதுவா இருந்தாலும் சரிம்மா, உனக்கு எது சுலபமோ அதைப் பண்ணு" என்பார். எத்தனையோ வீடுகளில் தட்டு பறக்கிறது. அந்த வீடுகளை நினைத்தால் இவருடைய பொறுமை பெரிய கொடைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் முழு யோசனையும் என் தலைக்கு வந்துவிடுகிறது. எது சுலபம் என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலையிலேயே கடினமானது. பக்கத்து வீட்டு மாமியும் தன் பிள்ளையைப் பற்றி இதையேதான் பெருமையாகச் சொல்கிறார்: "தங்கமான பையன், போட்டதைச் சாப்பிடுவான்."

சமையலில் நம் பாரதக் கதைகள் கொண்டாடுகிற இரண்டு பேரும் ஆண்கள். பீமன் விராடன் அரண்மனையில் சமைத்தான். நளன் இருதுபர்ணனிடம் வாகுகனாக இருந்து சமைத்தான். இரண்டும் அடுத்தவர் வீட்டு அடுப்படி, அதுவும் மாறுவேஷத்தில். ஆனால் நளன் கதையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகும் ஓர் இடம் இருக்கிறது. வந்திருப்பவன் நளன்தானா என்று தமயந்திக்குச் சந்தேகம். அவன் சமைத்ததில் கொஞ்சம் எடுத்துவரச் சொல்லி வாயில் போட்டுப் பார்க்கிறாள், உடனே தெரிந்துவிடுகிறது. முன்பு பலமுறை சாப்பிட்டிருந்ததால்தான் அந்த ருசி அவளுக்குத் தெரிந்தது. நிடத நாட்டு ராஜா தன் பெண்டாட்டிக்குச் சமைத்துப் போட்டிருக்கிறான். எங்கள் தெருவில் அப்படி ஒரு சோதனை வைத்தால், கணவரின் ரசத்தை ருசி பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆண்கள் வெளிவேலை முடிந்து களைத்து வருகிறார்கள், அதுவும் நிஜம்தான். அதே வண்டியின் அடுத்த பெட்டியில்தான் நானும் வருகிறேன்.

ஆகவே இந்த மார்ச்சுக்குச் செவ்வாயும் வியாழனும் அவர்களுடையவை. அந்த இரண்டு நாளும் என்ன சமைப்பது, காய் எங்கே வாங்குவது, அரிசி எத்தனை ஆழாக்கு, பையனுக்கு எதைக் குறைப்பது, பாட்டிக்கு எதைத் தவிர்ப்பது என்று என்னிடம் கேட்க வேண்டாம். பொட்டுக்கடலை டப்பா எங்கே என்றும் கேட்க வேண்டாம். ஆயிரம் பேர் பந்திக்குப் புளியோதரை கிளறியவர்களுக்கு நாலு பேருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்துவைத்திருக்கிறேன். முதுகுப்பக்கம் வெறுமையாக இருக்கிறது, கட்டம் போட்டுக்கொள்ளலாம்.