மஃப்ளர் மாமா

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் ராத்திரி விமானத்தில் மஃப்ளர் மாமா ஒருவராவது ஏறாமல் இருக்கமாட்டார். வெளியே மே மாத மீனம்பாக்கப் புழுக்கம். அவர் கைப்பையில் மங்கி கேப், மஃப்ளர், காதுக்குப் பஞ்சு எல்லாம் தயார்.

உட்கார்ந்ததும் மேலிருந்து வெள்ளையாய்ப் புகை இறங்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் ஏசி பட்டு மூடுபனியாவதுதான் அது. மாமாவா ஒப்புக்கொள்வார்? "கேஸ் லீக் ஆகுது சார்" என்று பக்கத்து சீட்காரரின் நிம்மதியைக் கெடுத்த பிறகே பெல்ட் போடுவார். வீட்டு ஏசி மாதிரி கேஸ் வைத்துக் குளிர்விப்பதே இல்லை, காற்றை வைத்தே காற்றைக் குளிர்விக்கிறார்கள் என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

விமானம் உயரப் போனதும் வேலை ஆரம்பம். தலைக்கு மேலுள்ள குமிழை இறுகத் திருகி மூடுவார். அடுத்து, தூங்கிவிட்ட பக்கத்து சீட்காரருடையது. மூடி என்ன பயன்? மேல் இடுக்குகள் வழியே காற்று வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கொரு தரம் கேபின் காற்று முழுக்க மாறியாக வேண்டுமே.

"வெளியில மைனஸ் 50 டிகிரி சார், அதுதான் உள்ள கசியுது." இது மாமாவின் விஞ்ஞானம். எண் ஏறக்குறைய சரி, மிச்சமெல்லாம் தலைகீழ். பெரும்பாலான விமானங்களில் அந்தக் காற்றை எஞ்சின் உறிஞ்சி அமுக்கும்போது அது 200 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. விமானத்தின் வயிற்றுப்பக்கம் இருக்கும் கருவிகள் அதை ஆறவைத்து, இதமான பதத்தில் மாமாவுக்கு அனுப்புகின்றன. ஜன்னலோரச் சுவர் மட்டும் நிஜமாகவே சில்லென்றிருக்கும். ஜன்னல் சீட்தான் வேண்டுமென்று பிள்ளையை நச்சரித்து வாங்கியவரும் இவர்தான்.

பிறகு, பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தான். "ஏம்மா, அந்த ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா." ஆம்னி பஸ் நினைப்பு. இங்கே பகுதி பகுதியாகத்தான் கூட்டிக் குறைக்க முடியும். ஒரு சீட்டுக்கு மட்டும் சித்திரை வெயிலை வரவழைக்க வழியில்லை. போதாததற்கு, மூன்று வரிசை தள்ளி ஓர் அம்மாள் பாதுகாப்பு அட்டையால் விசிறிக்கொண்டு "புழுங்குது" என்று ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறார்.

"சொல்றேன் அங்கிள்" என்று சிரித்தபடி போன பணிப்பெண், டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்புவார். யாரும் எதையும் தொட்டிருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா மங்கி கேப்பைக் கழற்றி மடித்து வைப்பார். பக்கத்தில் தூங்குபவரை முழங்கையால் இடிப்பார்.

"பாத்தீங்களா? நான் சொன்னப்புறம்தான் குறைச்சிருக்கான்!"