கோல் கண்ட இரண்டு காரணிகள்

கே: உங்களுக்குப் பிடித்த எண் எது? லட்சம், கோடி என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது!

ப: 147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைக்கும். மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் எதுவார் லூகாஸ் வந்துதான் ‘இது பகா எண் இல்லை’ என்று நிரூபித்தார்.

கே: அப்படியானால் காரணிகளையும் லூகாஸே சொல்லிவிட்டாரா?

ப: இல்லை. ‘காரணிகள் உண்டு’ என்பது வரைதான் அவருக்குத் தெரியும்.

கே: காரணியைக் காட்டாமல் பகு எண் என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்?

ப: 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3, 5 என்று உங்களுக்குத் தெரியும், தெரியாததுபோல் வைத்துக்கொள்வோம். ஃபெர்மா தந்த விதி ஒன்று உண்டு: ஒற்றைப்படைப் பகா எண் எதுவானாலும், அதைவிட ஒன்று குறைவான தடவை இரண்டைப் பெருக்கி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். 7-க்குப் பாருங்கள்: ஆறு இரண்டுகள் 64, மீதி 1. இப்போது 15: பதினான்கு இரண்டுகளைப் பெருக்கினால் 16384. 15-ஆல் வகுத்தால் மீதி 4. விதி உடைந்தது, 15 பகா எண் இல்லை. 3-ம் 5-ம் இந்தக் கணக்கில் எங்கேயும் தலைகாட்டவில்லை! லூகாஸின் சோதனை வேறு. ஆனால் அதுவும் காரணியைத் தேடாமலே தீர்ப்புச் சொல்லும் வகைதான்.

கே: சரி, கடைசியில் காரணிகளைக் கண்டது யார்?

ப: அமெரிக்கர் ஃபிராங்க் நெல்சன் கோல், 1903-இல். 193707721 × 761838257287. நியூயார்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் வாய் திறக்காமல் கரும்பலகையில் ஒரு பக்கம் 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தும், மறுபக்கம் இந்தப் பெருக்கலைப் போட்டும் காட்டினார், இரண்டு விடையும் ஒன்றாக வந்தன, சபை கைதட்டியது என்று கணிதவியலாளர் இ.டி. பெல் எழுதியிருக்கிறார். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, ‘மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்’ என்று கோல் சொன்னாராம்.

கே: சும்மா 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் கிடைத்திருக்காதா?

ப: கிடைக்கும், ஆயுள் இருந்தால். இந்த எண்ணின் காரணி எதுவும் 134-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்பது தெரிந்த விஷயம். அந்த வரிசையில் மட்டும் தேடினாலும், சிறிய காரணி நிற்கும் இடம் 14,45,580. அதனால்தான் கோல் வேறு உத்திகளைக் கையாண்டு, சோதிக்க வேண்டிய எண்களை வடிகட்டினார்.

கே: இதில் நம்மவர்கள் பங்கு?

ப: பெரிய பங்கு. எந்த எண்ணையும் பகா எண்ணா இல்லையா என்று ஐயத்துக்கு இடமின்றி, விரைவாகச் சோதிக்கும் பொதுவழி ஒன்று உண்டு என்று 2002-இல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும். அந்த வழியும் காரணியைச் சொல்லாது.

கே: காரணி தெரிந்து யாருக்கு என்ன லாபம்?

ப: தெரியாமல் இருப்பதில்தான் லாபம்! கணினித் தகவல்களை ரகசியமாக வைக்க 1977-இல் வந்த ஆர்.எஸ்.ஏ. என்ற குறியாக்கப் பூட்டின் பலமே அதுதான்: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை, பிரிப்பது மலை. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிக்கவே ஏராளமான கணினிகள் மாதக்கணக்கில் ஓடின. பூட்டுகளில் இன்று வழக்கமாக இருப்பதோ 617 இலக்கம்.

கே: பத்தாவது படிக்கும் என் மகளுக்கு இதில் செய்ய ஏதாவது இருக்கிறதா?

ப: இருக்கிறது. கோலின் இரண்டு எண்களையும் கொடுங்கள், கால்குலேட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு முழுத்தாளும் பேனாவும் போதும். விடை மேலே முதல் பதிலில் இருக்கிறது. ஒரு இலக்கம் பிசகினாலும் மறுபடி போடச் சொல்லுங்கள்.