ரோல்ஸ் ரோய்ஸில் வந்த மேசன்

நுகேகொடைச் சந்தியில் ஓட்டோ பிடித்து "பாராளுமன்றம்" என்றால், சாரதி திரும்பி எங்கள் முகத்தைப் பார்ப்பார். அங்கே போகும் வகை ஆட்கள் ஓட்டோவில் ஏறுவதில்லை.

பதினான்காம் நூற்றாண்டில் எங்கடை ஆட்கள் அந்தப் பக்கம் போனது வரி அறவிட. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அனுப்பிய தண்டற்காரர். அழகக்கோனார் என்ற பிரபு சதுப்பு நடுவே கோட்டை கட்டி, சாமான் நிரப்பி, ஆற அமர அவர்களைத் தூக்கில் போட்டாராம், ராஜாவலிய சொல்கிறது. வரி கட்டாமல் தப்ப இவ்வளவு ஏற்பாட்டை எந்த ஒடிற்றரும் கண்டிருக்கமாட்டார். அதுதான் கோட்டே.

அறுநூறு வருசம் கழித்து அதே சதுப்பு ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவுக்குப் பிடித்துப்போனது. ஜயவர்தனபுர என்று ஊருக்குப் பழைய பெயர் இருந்தது தற்செயல்தான், நம்புவோர் நம்பட்டும். 1979இல் அங்கே புதுப் பாராளுமன்றம் கட்டும் வேலை கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவிடம் போனது.

பாவாவின் சரித்திரம் எந்த வெள்ளவத்தை அம்மாவையும் படுக்கையில் விழுத்தும். கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்தார். 1944இல் பாரிஸ்டர். அதையும் கைவிட்டு, 1948இல் பெந்தோட்டைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் திருத்தப் போய், கட்டடம் தெரியாவிட்டால் சரிவராது என்று மறுபடி படிக்கப் புறப்பட்டார். கட்டடக்கலைஞரானபோது வயது 38. "மகன் இன்னும் படிக்கிறான்" என்று எந்தத் தரகரிடம் சொல்வது? ரோல்ஸ் ரோய்ஸ் வைத்திருந்தபடியால் "உருப்படமாட்டான்" என்று ஊர் சத்தமாகச் சொல்லவில்லை.

சதுப்பை ஏரியாக்கி, நடுவே தீவு விட்டு, செம்புக் கூரைகளை ஏற்றினார். 1982 ஏப்ரலில் திறப்பு. கீறியது நிற்குமா என்று கணக்குப் பார்க்க அவரிடம் இருந்த பங்காளர், பொறியியலாளர் பூலோகசுந்தரம். இந்தமுறையும் கோட்டேக்கு நாங்கள் கணக்கோடுதான் போனோம். ஒருவரும் தூக்கில் போடவில்லை. உள்ளே எதிர்க்கட்சித் தலைவராக, தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கமே இருந்தார். 1983 ஆகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாடு கேட்கமாட்டோம் என்று சத்தியம் பண்ணச் சொன்னார்கள்; கூட்டணி பண்ணவில்லை; ஆசனங்கள் போயின. புது மெத்தை ஒன்றரை வருசம்கூடத் தேயவில்லை.

நுகேகொடையில் 138 பஸ்ஸில் ஏறிக் கொழும்பு நகருக்குள் வந்தால் பேர வாவியில் சீமமாலக. மண்டபம் பிக்குகளுக்கு, காசு முஸ்லிம் வர்த்தகருடையது, வரைந்தவர் முஸ்லிம் பாட்டனாரின் பேரனான அதே பாவா. இனப்பிரச்சினைக்குப் பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் கொஞ்சம் அந்தக் கரையில் நடந்திருக்கலாம்.

எனக்குப் பிடித்தது 33ஆம் ஒழுங்கையில் அவர் வாழ்ந்த வீடு. 1958இல் நாலு குட்டி வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பத்து வருசத்தில் நாலும் அவருடையவை. சுவர்களைத் திறந்து ஒன்றாக்கிவிட்டார். வேலியை அரையடி தள்ள மூன்று தலைமுறை வழக்காடுகிற சனம் நாங்கள். இந்த மனுசன் அயலட்டையையே வாங்கி, வேலிப் பிரச்சினையைத் தீர்த்தார். சட்டம் படித்தது வீண்போகவில்லை.