போர்ட்ஃபோலியோ தம்பி

வருடம் முழுக்க எங்கிருப்பார் என்று தெரியாது. அக்டோபர் பிறந்ததும் பெட்டாலிங் ஜெயாவில் அங்கங்கே தென்படுவார். கறுப்புச் சட்டை, தோளில் துணிப்பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். எஸ்எஸ்2 மாமாக் கடையில் ஒரே ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு அரை ராத்திரிவரை மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருப்பார். காதல் தோல்வி என்று நினைத்து இரக்கப்பட்டுவிடாதீர்கள். எம்எஃப்ஏ விண்ணப்பம்.

அமெரிக்கக் கலைப்பள்ளிகளின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ விழும். அதற்குள் பத்து இருபது படைப்புகளின் படங்கள், ஒரு கலைஞர் அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் இணையத்தில் ஏறியாக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் டாலரில். அப்பாவின் கார்டில்.

ஜாலான் சிலாங்கூர் பிள்ளையார் கோயிலில் ஓர் அங்கிள் பிடித்துக்கொள்வார்.

"மாஸ்டர்ஸ் எதுல, தம்பி?"

"ஃபைன் ஆர்ட்ஸ், அங்கிள்."

அங்கிளின் முகம் லேசாக வாடும். பிறகு அவரே சமாளித்துக்கொள்வார். "ஓ, அனிமேஷன்! நல்ல ஸ்கோப் லா."

தம்பி மறுப்பதில்லை. சில வருடங்களாக அனிமேஷன்காரராகவே பிரசாதம் வாங்கிக்கொள்கிறார்.

தம்பிக்கு உண்மையில் கஷ்டம் வரைவதில் இல்லை. கையில் பென்சிலைக் கொடுத்தால் பேசிக்கொண்டே உங்கள் முகத்தை அச்சாக இறக்கிவிடுவார். கஷ்டமெல்லாம் அந்தத் தேர்வுக் குழுவால்தான். பனி கொட்டும் ஊரில் ஒரு நீள மேசை, அதைச் சுற்றிச் சிரித்தே பழகாத ஐந்து பேர் என்று அவர் ஒரு குழுவை மனத்தில் உட்கார வைத்திருக்கிறார். சோகம் இல்லாத எதையும் அவர்கள் உள்ளே விடமாட்டார்கள் என்பது அவர் முடிவு. இவரிடம் சோகம் கைவசம் இல்லை. பிறந்தது அசுந்தா மருத்துவமனையில், வளர்ந்தது செக்‌ஷன் 17இல். சின்ன வயதில் பட்ட பெரிய துன்பம், சனிக்கிழமைக் கணக்கு டியூஷன்.

ஆகவே தாத்தாவிடம் கடன் வாங்கினார். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால்மரம், வாளி, விடியற்காலை இருட்டு என்று தொடர் ஓவியம் தயார். நேரில் ஒரு பால்மரத்தைப் பார்த்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று டோல் கட்டிக்கொண்டு கோலசிலாங்கூர்ப் பக்கம் போனார். வழி நெடுகச் செம்பனை. திரும்பும்போது செம்பனையைப் பார்த்தே பால்மரம் வரைய முடியுமா என்று யோசித்துக்கொண்டு வந்தார். இதில் வேடிக்கை, பெட்டாலிங் ஜெயாவே எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர். 1950களின் தொடக்கத்தில் அங்கே 1,200 ஏக்கரில் மரத்தை அழித்துத்தான் மனை போட்டார்கள். இதை அவரிடம் சொன்னபோது, "வீட்டுக்குப் பக்கத்துலனா ஃபீலே வராது, அங்கிள்" என்றார். (எனக்கு அங்கிள் ஆகிற வயது இல்லை என்பது வேறு விஷயம்.)

பாட்டியையும் விட்டுவைக்கவில்லை. பாட்டி ஆஸ்ட்ரோவில் சீரியல் பார்த்தபடி மைலோ குடிக்கிறவர். வில்லி திட்டு வாங்கினால் கைதட்டுவார். படத்தில் அந்தப் பாட்டிக்குக் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பின்னால் ஒரே இருட்டு. வளையலைக் கழற்றச் சொன்னதற்குப் பாட்டி சம்மதிக்காததால், வரையும்போது தம்பியே கழற்றிவிட்டார்.

"என்னாய்யா இது, எனக்குச் சீக்கு வந்த மாதிரி வரைஞ்சி வச்சிருக்க?"

"அது நீங்க இல்ல, பாட்டி. நம்ம சமுதாயம்."

"சமுதாயத்துக்கு எதுக்குய்யா என் சேலை?"

அறிக்கை எழுதுவது இன்னொரு கூத்து. முதல் நாள் ஒரே வரிதான் எழுதினார்: எனக்கு நிறங்கள் பிடிக்கும். அது உண்மையாக இருந்ததால் அடித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் புலம்பெயர்வு, நினைவு, உடல், இடைவெளி எல்லாம் வந்து குந்திக்கொண்டன. ஐந்நூறு சொற்களில் நிறம் என்ற சொல் மட்டும் இல்லை.

ஓவியங்களைப் படமெடுக்க வீட்டில் நல்ல வெளிச்சம் கார் நிறுத்துமிடத்தில்தான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே மைவியை எடுத்துத் தெருவில் விடுவார். இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து பாகையில் விளக்கு வைத்து, அக்ரிலிக் பளபளப்பைக் கொன்று முடித்து, கேமராவைக் கண்ணில் வைக்கும்போது மணி நான்காகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நாலு மணிக்கு என்ன நடக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். மழை பிடித்துக்கொள்ளும். ஓவியம் உள்ளே ஓடும், அப்பா குடையோடு மைவிக்கு ஓடுவார்.

இத்தனைக்கும் நடுவில்தான் முடி வந்தது. 1974இல் கலைஞர்கள் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூர் டேவான் பஹாசாவில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பாதி குடித்த இரண்டு கோக்கோ கோலா பாட்டில், எரிந்து தீர்ந்த கொசுவர்த்தி, பறவையைத் திறந்துவிட்ட காலிக் கூண்டு. கூடவே, பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தகம் ஒன்றில் அள்ளி வந்த தலைமுடி. கவிஞர் சாலே பென் ஜோனெட் அங்கேயே அவர்களுடைய கொள்கை அறிக்கையின் மேல் சிறுநீர் கழித்துத் தம் விமர்சனத்தைப் பதிவுசெய்தார். இன்று மலேசியக் கலை வரலாற்றை அந்தக் கண்காட்சி இல்லாமல் எழுத முடியாது. பியாடாசா பிற்பாடு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் எம்எஃப்ஏ முடித்தார்.

இந்தக் கதையில் தம்பி படித்ததெல்லாம் இரண்டே செய்தி: பெட்டாலிங் ஜெயா முடி, பிறகு எம்எஃப்ஏ. மறுநாளே ஓல்டு டவுனில் தம் வழக்கமான முடிதிருத்தகத்தில் பிளாஸ்டிக் பையோடு நின்றார். கடைக்கார அண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்ளோ வேணும்?"

"கலந்தாப்ல ஒரு பை, அண்ணே."

"திருப்பதிக்குப் பார்சலா?"

கட்டணம் ஏதும் வாங்கவில்லை. கூட்டுகிற வேலை மிச்சம் என்று விளக்குமாற்றையும் கையில் கொடுத்தார்.

கருவளையம் எப்படி வந்தது என்று சொல்லவில்லையே. தீபாவளிக்கு முன் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் சாய அரிசியில் பெரிய கோலம் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் பல தம்பி போட்டவை. இரவு பத்து மணிக்குக் கடைகள் மூடியதும் மூட்டை மூட்டையாக அரிசி வந்து இறங்கும். சாக்பீஸில் ஒரு கோடு இழுத்துவிட்டு, முட்டிபோட்டபடியே விடியவிடிய மயில் வளர்ப்பார். தோகையில் பச்சை எந்த இடத்தில் நீலமாகிறது என்று காவலாளிகள் பந்தயம் கட்டுவார்கள். காலையில் சீனப் பாட்டிமார், மலாய்க் குடும்பங்கள், பள்ளிப்பிள்ளைகள் எல்லாரும் கயிற்றுக்கு வெளியே நின்று படமெடுப்பார்கள். நான் பார்த்தவரையில் அந்த மயிலுக்கு முன்னால் யாரும் வேகமாக நடந்து போனதில்லை. பண்டிகை முடிந்ததும் கூட்டி அள்ளிவிடுவார்கள்.

அதை ஏன் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கவில்லை என்று கேட்டால் தம்பிக்குக் கோபம் வரும். "அது வேலை. காசுக்குச் செய்றது" என்பார்.

நியூயார்க்கில் இரவு 11:59 என்றால் இங்கே மறுநாள் பகல் 12:59. இந்தப் பதின்மூன்று மணி நேரத்தைக் கடவுள் தமக்கென்றே தந்ததாகத் தம்பி நம்புகிறார். அதையும் தீர்த்து, 12:56க்குப் பொத்தானை அழுத்தினார். பால்மரம் ஆறு, பாட்டி ஐந்து, மீதியெல்லாம் முடி.

பிப்ரவரியில் ஒரு பள்ளி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அவர்களுக்குக் காலை பத்து, நமக்கு இரவு பதினொன்று. கேமரா திறந்ததும் தம்பிக்குப் பேச்சே வரவில்லை. மேசை குட்டை, இருந்தவர்கள் மூன்றே பேர், மூவரும் சிரித்த முகம். அதில் ஓர் அம்மையார் திரைக்கு அருகே குனிந்து, பின்னால் அலமாரியில் வரிசையாக இருக்கும் ஜாடிகளில் என்ன, அந்த நிறங்களெல்லாம் என்ன என்று ஆர்வமாகக் கேட்டார்.

மிஞ்சிய கோல அரிசி. மஞ்சள், ஊதா, மயில்பச்சை.

தம்பிக்கு வியர்த்துவிட்டது. "ஸாரி மேடம், அது சும்மா வீட்டுச் சாமான்" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, பின்னணியை மங்கலாக்கும் பொத்தானைத் தட்டிவிட்டு, முடியைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.