பத்தடிக் கம்பும் பத்தடி ஏணியும்: ஒரு விலைப்பட்டியல் ஆராய்ச்சி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, ஒருவர் மந்திரவாதியாகவும் இன்னொருவர் திருடனாகவும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் எந்த உலகம் உயர்ந்தது என்ற சர்ச்சை பல பத்தாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. எட் கிரீன்வுட் படைத்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் வரைபடங்களை விரித்துவைத்துப் பேசுவது ஒரு கட்சி. மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர் தம் டேக்குமெல் உலகுக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியே செய்து கொடுத்தாரே, அதற்கென்ன சொல்கிறீர்கள் என்று மடக்குவது எதிர்க்கட்சி. வம்சாவளி, தெய்வங்கள், பழைய போர்கள் எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறும். இக்கட்டுரையின் துணிபு வேறு. ஒரு கற்பனை உலகத்தின் மெய்யான வரலாறு அதன் வரலாற்று அத்தியாயத்தில் இல்லை; விதிப் புத்தகத்தின் நடுவில், சாமான் வாங்குவதற்கென்று போட்டிருக்கும் விலைப்பட்டியலில் இருக்கிறது. அதை நிறுவ இங்கே எடுத்துக்கொள்ளும் முதன்மைச் சான்று ஒரே ஒரு பொருள்: பத்தடி நீள மரக்கம்பு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் மூன்று சிறு புத்தகங்களாகக் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பட்டியலிலேயே இந்தக் கம்பு இருக்கிறது. விலை ஒரு பொற்காசு. பாதாளத்தில் நடப்பவர் முன்னால் தரையைத் தட்டிக்கொண்டே போவார். மூடிவைத்த குழி இருந்தால் கம்பு உள்ளே போகும், ஆள் தப்பிப்பார். அதே பட்டியலில் வாள் பத்துப் பொற்காசு; பூண்டு ஐந்து. இரண்டு பூண்டுக்கு ஒரு வாள். அந்த ஊரில் ரசம் வைத்துக் கட்டுப்படியாகாது என்பது ஒருபுறமிருக்க, ரத்தக் காட்டேரிகளின் தொல்லை அங்கே எந்த அளவில் இருந்தது என்பதை எந்தச் சரித்திரக் குறிப்பும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. விலைகள் ஏன் இப்படி என்பதற்குக் கைகாக்ஸே 1978-இல் ஒரு விளக்கம் தந்தார்: தங்க வேட்டைக் காலத்து அலாஸ்கா ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே முட்டைகூட யானை விலை. போதாததற்கு, பாதாளத்திலிருந்து மீட்டு வந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி என்று விதி. பணம் சேர்ந்தால் திறமையும் சேரும் நாடு அது. அரச வம்சங்களைப் பற்றி ஒரு வரி படிக்காமலே நாடு கண்முன் வந்துவிடுகிறது.

இனி ஏணிக்கு வருவோம். ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பைத் திருத்தி 2003-இல் வெளியிட்ட விதிகளில் பத்தடிக் கம்பு இரண்டு வெள்ளிக்காசு, அதாவது இருபது செப்புக்காசு. பத்தடி ஏணியோ ஐந்தே செப்புக்காசு. ஏணி என்பது இரண்டு பத்தடிக் கம்புகளும் நடுவே சில படிகளும்தான். ஐந்து காசுக்கு ஏணி வாங்கிப் படிகளைக் கழற்றிவிட்டால் கையில் இருப்பது நாற்பது காசுச் சரக்கு. ஆட்டக்காரர்கள் இதை வெகுகாலமாகச் சிரிப்புக்குச் சொல்லி வருகிறார்கள். சிரித்துவிட்டு நகர்ந்ததுதான் குறை. ஏணியின் கால்கள் சன்னமானவை, கம்புக்கு ஈடாகா என்று ஆட்சேபிக்கலாம். எடைக் கணக்கு அதை மறுக்கிறது: ஏணி இருபது பவுண்டு, கம்பு எட்டு, இரண்டு கம்பு போக மிச்சம் நான்கு பவுண்டு, படிகளுக்குப் பொருத்தமான எடைதான். கையிலிருக்கும் பொருளைப் பாதி விலைக்குத்தான் விற்க முடியும் என்று விதி இருக்கிறதே என்றால், இருக்கட்டும்; பாதிக்கு விற்றாலும் இருபது காசு, நான்கு மடங்கு. பிரிக்கிற கூலியா? சாதாரணக் கூலியாளுக்கு ஒரு நாளைக்குப் பத்துச் செப்புக்காசு என்று அதே புத்தகம் சொல்கிறது. ஒரே ஏணியைப் பிரித்தால் ஒன்றரை நாள் கூலி லாபம். அப்படியிருந்தும் அந்நாட்டுக் கூலியாட்கள் இதைச் செய்யவில்லை, ஏணி விலையும் ஏறவில்லை. ஏணியைப் பிரிப்பது அங்கே மகாபாவம் என்று கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்தப் பதிப்பின் தெய்வப் பட்டியலில் சூரியனுக்கு ஒருவர், சாவுக்கு ஒருவர், திருடர்களுக்குக்கூட ஒருவர் இருக்க, ஏணிக்கு யாரும் இல்லாதது அச்சுப் பிழையாகத்தான் இருக்க வேண்டும்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கம்பு ஐந்து செப்புக்காசாக இறங்கி, ஏணி பத்துக்கு ஏறிவிட்டது. இரண்டு கம்பு, ஓர் ஏணி, சரிக்குச் சரி. பாதி விலைக்கு விற்றால் ஐந்து காசு நஷ்டம். பாவபயம் தேவைப்படாத நாடாக அது மாறிவிட்டது. ஒரு பொற்காசு, அதில் ஐந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று கம்பு இப்படி வீழ்ந்ததற்கு விதிகளே காரணம். ஆதியில் பொறியைக் கண்டுபிடிக்க ஆட்டக்காரர் வாய் திறந்து, எங்கே தட்டுகிறேன், எப்படித் தட்டுகிறேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் பதிப்பில் தேடுதல் என்ற திறனுக்குப் பகடை உருட்டினால் போதும். ஐந்தாம் பதிப்பில் உருட்டவும் வேண்டாம். கூர்நோக்குத் திறனோடு பத்தைக் கூட்டிய எண் பெரிதாக இருந்தால் பொறி தானாகக் கண்ணில் படும். கம்புக்கு வேலை போயிற்று, விலையும் போயிற்று. (இடையில் வந்த பதிப்புகளின் விலைகள் இங்கே சேர்க்கப்படவில்லை. அவை இந்தச் சரிவுக்கு ஒத்துழைக்கவில்லை. ஒத்துழைக்காத தரவை ஒதுக்கும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு.)

எதிர்வாதங்களில் வலுவானது அந்த ஆட்டத்தின் சொந்தப் புத்தகத்திலிருந்தே வருகிறது. ஆட்டத்தை நடத்துபவருக்காக 2024-இல் வெளியான கையேடு, விதிகள் பௌதிகமும் அல்ல பொருளாதாரமும் அல்ல, ஓட்டை தேடாதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறது. நல்ல புத்திமதிதான். ஆனால் பொருளாதாரமே இல்லை என்றால், 2014-இல் ஏணியைச் சரியாக இரண்டு கம்பு விலையில் கொண்டுவந்து நிறுத்தியது தற்செயலா? விலையால் உலகம் செய்யத் தெரிந்தவர்கள் முன்பே இருந்தார்கள் என்பதற்கு 1991-இன் டார்க் சன் சாட்சி. உலோகம் அருகிப்போன பாலைவன உலகம் அது. அங்கே உலோகப் பொருளுக்குப் பட்டியல் விலை, மற்றதற்கெல்லாம் அதில் நூறில் ஒரு பங்கு என்று விதித்தார்கள். எலும்பில் செய்த ஆயுதத்தோடு ஆட்டக்காரர் ஏன் அலைகிறார் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு? ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் பட்டியலையே ஏறக்குறைய ஒழித்துக்கட்டியது: எவ்வளவு சுமை என்பதை மட்டும் முதலில் சொன்னால் போதும், சுமந்தது என்ன என்பதைத் தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம். பட்டியல் இல்லாமலும் உலகம் நிற்கிறதே என்று இதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. நிற்பது எப்படிப்பட்ட உலகம் என்று பார்க்க வேண்டும்: கன்னக்கோலை வீட்டில் மறந்துவிட்டு வரும் திருடனே இல்லாத ஊர். அதைச் சொன்னதும் சாமான் விதிதான், வரைபடம் அல்ல.

தீராமல் நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. 2014-இல் ஏணியின் எடை இருபத்தைந்து பவுண்டு, கம்பு ஏழு. இரண்டு கம்பைக் கழித்தால் படிகளுக்கு மட்டும் பதினொரு பவுண்டு. 2003-இல் நான்காக இருந்தது பதினொரு ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருக்கிறது. மரம் மாறியதா, ஏறுகிறவர்கள் பெருத்துவிட்டார்களா என்பது தனி ஆய்வுக்கு உரியது.